ரோட்டை வெட்டிய நாள்

போன ஞாயிற்றுக்கிழமை லேக் மார்க்கெட்டில் நம்முடைய வழக்கமான மேஜையில் பொங்கல் தின்றுகொண்டிருந்தபோது, உங்களில் ஒருவர் செல்போனை நீட்டி ஒரு ரோட்டைக் காட்டினீர்கள். கடலோரமாகவே போகிற சின்ன ரோடு, நாலைந்து மீனவ ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகிறது, கூட்டம் இருக்காது, பூஜை லீவில் ஒரு வண்டி பிடித்து எல்லோருமாகப் போய்வரலாம் என்றீர்கள். எல்லோரும் தலையாட்டினீர்கள். நான் மட்டும் முழங்கால் வலி என்றேன். வலி இருப்பது உண்மைதான். ஆனால் நான் வர மறுத்தது அதனால் இல்லை. அந்த ரோடு போடப்பட்ட வருஷம் நான் அதன் ஓரத்தில் குடியிருந்தேன். அதைப் போட்டவர் என் அப்பா.

அரசியல் கலவரம் நடந்த அந்தக் காலத்துக் கல்கத்தா நம் வயசுக்காரர்களுக்கு மறந்திருக்காது. பள்ளிக்கூடம் திறந்திருக்கிற நாளைவிட மூடியிருக்கிற நாள் அதிகம். ஜாதவ்பூரில் எங்கள் சந்து முனையில் குண்டுச் சத்தம் கேட்டால் அம்மா என்னையும் தம்பியையும் இழுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஜன்னலைச் சாத்தப் போவாள். ஜன்னலைச் சாத்தினால் குண்டு வராது என்பதுபோல. அப்பா அரசாங்கத்தில் ரோடு போடுகிற இலாகாவில் இன்ஜினியர். மேதினிப்பூர்க் கடலோரத்தில் வேலை. மாசத்துக்கு ஒரு தரம் வீட்டுக்கு வருவார். அப்படி வந்தவர் ஒரு தடவை, "எல்லாரும் அங்கயே வந்துருங்க. கடல் இருக்கு, நல்ல காத்து இருக்கு. பயம்னு ஒண்ணு கிடையாது" என்றார். அம்மா அன்றைக்கே பாத்திரம் கட்ட ஆரம்பித்துவிட்டாள். எனக்குப் பத்து வயசு. தம்பிக்கு நாலு.

சவுக்கு மரங்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட இரண்டு அறை, ஒரு வராந்தா. அதுதான் வீடு. ரோட்டின் ஒரு நுனியில் நாங்கள். மறு நுனியில் கடைத்தெரு, ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நடுவில் மீனவ ஊர்கள். ரோடு வருவதற்கு முன்னால் கடல் வற்றுகிற நேரம் பார்த்து மணலில் நடப்பார்கள், இல்லையென்றால் படகு. கர்ப்பிணிகளைக்கூடப் படகில்தான் கொண்டுபோவார்களாம். அதனால் ரோடு வருகிறது என்றதும் எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு பக்கம் கடல் மணல், மறு பக்கம் வயல். நடுவில் ஆள் உயரத்துக்கு மண் கொட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லி பரப்பி, கடைசியில் தார். தார் கொதிக்கிற வாசனையும் கருவாட்டு வாசனையும் சேர்ந்து அடிக்கும். இன்றைக்கும் கோல்பார்க் பக்கம் ரோடு வேலை நடந்தால் எனக்கு அந்தக் கருவாட்டு வாசனையும் சேர்ந்தே வருகிறது, பக்கத்தில் மீனே இல்லாவிட்டாலும். தார் டிரம்மின் மூடியில் உட்கார்ந்து நானும் தம்பியும் கரைச் சரிவில் சறுக்குவோம். அவன் பனியன் முழுக்கத் தார்ப் பொட்டு. அம்மா மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ப்பாள். பொட்டும் போகாது, மண்ணெண்ணெய் வாசனையும் போகாது.

தினமும் காலையில் ஒருவர் குழாய்க் கிணற்றிலிருந்து எங்களுக்கு நல்ல தண்ணீர் கொண்டுவருவார். படகுக்காரர். மீன்பிடி இல்லாத நாட்களில் ரோட்டு வேலைக்கு வருவார். அவரை நாங்கள் காகு என்போம், வங்காளியில் சித்தப்பா. குடத்தை இறக்கிவிட்டுத் தம்பியைத் தோளில் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போவார். வீடு எங்கோ வயல் பக்கத்து ஊரில் என்று மட்டும் தெரியும். நாங்கள் போனதில்லை. அம்மா வராந்தாவைத் தாண்டி எங்கும் போனதில்லை. வங்காளி தெரியாது, கடல் என்றால் பயம். ராத்திரி அலைச் சத்தம் கேட்டுவிட்டு, "இது இங்கன வந்துராதுல்லா?" என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

அப்பாவின் கவலை வேறு. பனிக்காலத்தில் ரோட்டைத் திறந்துவைக்கப் பெரிய ஆட்கள் வருவதாக இருந்தது. மழைக்கு முன்னால் மண் வேலை முடிந்தாக வேண்டும். வயலில் விழுகிற மழைத்தண்ணீர் கடலுக்குப் போக ஒரு பழைய ஓடை இருந்தது. அந்த ஓடை குறுக்கிடுகிற இடத்தில், ரோட்டுக்கு அடியில் பெரிய சிமென்ட் பைப்புகள் வைக்க வேண்டும். பைப்புகள் வந்து எங்கோ ரயில்வே கூட்ஸ் யார்டில் கிடந்தன; அங்கிருந்து நகரவில்லை. அப்பா பொறுத்துப் பார்த்துவிட்டு, ஓடையை மண்ணால் மூடி ரோட்டை இணைத்துவிட்டார். பைப் வந்ததும் அந்த இடத்தை மட்டும் தோண்டி வைத்துக்கொள்ளலாம் என்று கணக்கு. "மழைக்கு இன்னும் நாள் கிடக்கு" என்று அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அவளுக்கு ஓடையைப் பற்றி என்ன தெரியும்? அப்பா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார் என்று இப்போது தோன்றுகிறது.

மழை முன்கூட்டியே வந்துவிட்டது. சும்மா வரவில்லை. காற்றோடு வந்து, விடாமல் நின்று பெய்தது. தகரக் கூரையின் சத்தத்தில் பக்கத்தில் பேசினால்கூடக் கேட்காது. ஒரு நாள் அப்பாவோடு ரோட்டுக்கு மேல் ஏறி நின்று பார்த்தேன். கடல் பக்கம் வெறும் ஈர மணல். வயல் பக்கம் வயலே இல்லை. காக்கி நிறத்தில் ஒரு ஏரி. நடுவே மண் வீடுகள் திட்டுத் திட்டாக நின்றன. ஒரு வீட்டு வாசலில் கட்டிலின்மேல் அடுப்பு வைத்து ஒரு பெண் சமைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது வேடிக்கையாகக்கூட இருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகு வேடிக்கையாக இல்லை.

மறுநாள் ஊர்க்காரர்கள் வராந்தாவுக்கு வந்தார்கள். சொட்டச் சொட்ட நனைந்த கூட்டம். காகுதான் பேசினார். ஓடை இருந்த இடத்தில் ரோட்டை வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் மண் சுவர் எதுவும் நிற்காது என்றார்.

"இது சர்க்கார் ரோடு. உத்தரவு இல்லாம வெட்டினா நான் ஜெயிலுக்குப் போவேன்" என்று அப்பா வங்காளியில் சொன்னார். "ஜீப்பைச் சப்டிவிஷன் ஆபீசுக்கு அனுப்புறேன். உத்தரவு வாங்கிட்டு வந்துரும். ஒரே ஒரு நாள் பொறுங்க."

காகு திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். "சரி, பாபு" என்றார், சரி ஐயா என்பதுபோல. போய்விட்டார்கள். ஜீப் கிளம்பியதும் அப்பா அந்த இடத்தில் இரண்டு பேரைக் காவலுக்கு நிறுத்தினார்.

அன்றைக்கு மத்தியானம் தம்பிக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு வாந்தியும் சேர்ந்துகொண்டது. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் அவன் துணிபோலத் துவண்டுவிட்டான். அம்மா வசம்பு சுட்டுத் தேய்த்தாள், சாமிக்குக் காசு முடிந்தாள். என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி, இவன் எம்புட்டு அழுதாலும் தண்ணி மட்டும் குடுத்துராத. குடுத்தா இன்னும் போகும். ஒரு சொட்டு குடுக்கப்படாது, என்ன?" என்றாள். அந்த நாளில் எல்லா வீட்டிலும் இதுதானே சட்டம். நீங்களும் கேட்டு வளர்ந்தவர்கள்தான். அம்மா கல்நெஞ்சுக்காரி இல்லை. ஈரத் துணியால் அவன் உதட்டைத் துடைப்பாள். அவன் துணியைக் கவ்விச் சப்புவான். உடனே பிடுங்கிக்கொண்டு மறுபக்கம் திரும்பி அழுவாள்.

தம்பி ஜாதவ்பூரில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு வளர்ந்தவன். என்னை அக்கா என்று கூப்பிட மாட்டான், தீதி என்பான். தண்ணீரும் அவனுக்கு ஜோல்தான். "ஜோல், தீதி... ஜோல்." அம்மா அறையில் இருக்கும்போது கேட்கக்கூடாது என்று கொஞ்ச நேரத்தில் அவனே கற்றுக்கொண்டான். அவள் சமையல் பக்கம் போனதும் கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பான். அப்போது ஜோல் என்றுகூடச் சொல்வதில்லை. உதடு மட்டும் அசையும்.

அப்பாவிடம் காக்கிக் கம்பளித் துணி சுற்றிய ஒரு தண்ணீர் பாட்டில் உண்டு. அம்மா அதில் காய்ச்சி ஆறிய தண்ணீர் நிரப்பி வைப்பாள். அதன் மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு மூடிதான் கொடுப்பது என்று நினைத்திருந்தேன். அவன் குடித்த வேகத்தைப் பார்த்து இன்னொரு மூடி ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அவனுக்குப் போயிற்று. அம்மா ஓடிவந்து, "நிக்கவே மாட்டேங்குதே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான்தான் கொல்கிறேன். இனிமேல் கொடுக்கவே கூடாது என்று பிள்ளையாரிடம் சத்தியம் பண்ணினேன். அவன் உதட்டை அசைத்தான். கொடுத்தேன். மறுநாள் காலையிலும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் சத்தியம், ஒவ்வொரு தடவையும் மூடி. இந்த வயசில் எனக்கு எத்தனையோ பயம் வந்து போயிருக்கிறது. அந்தப் பயத்துக்குப் பக்கத்தில் எதையும் வைக்க முடியாது.

மறுநாள் காலை ஏறிய பிறகுதான் ஜீப் வந்தது. டிரைவர் நனைந்த கோழிபோல வராந்தாவில் நின்றார். பெரிய அதிகாரி டூரில் இருக்கிறார், மற்றவர்கள் யாரும் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்கள் என்றார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்டார். பிறகு மழைக் கோட்டை எடுக்க உள்ளே வந்தவர், முந்தின நாளிலிருந்து முதல் தடவையாகத் தம்பியைச் சரியாகப் பார்த்தார். கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன. அழுகிறான், ஆனால் கண்ணீர் வரவில்லை.

"வண்டியைத் திருப்பு" என்று கத்தினார். "ஆஸ்பத்திரிக்கு!"

அம்மா மடியில் தம்பி. பின்னால் நான், பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. ஜீப் சேற்றில் இடமும் வலமுமாக வழுக்கியது. ஓடை இருந்த இடம் வந்ததும் டிரைவர் பிரேக் போட்டார். ரோடு முழுக்க ஆட்கள். கையில் மண்வெட்டி. விடிந்ததிலிருந்து வெட்டிக்கொண்டிருக்கிறார்கள், அப்பா நிறுத்திய காவல்காரர்களும் அவர்களோடு சேர்ந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். இடுப்பளவு ஆழத்துக்குப் பள்ளம் விழுந்து, பழுப்புத் தண்ணீர் இரைச்சலோடு கடல் பக்கம் பாய ஆரம்பித்திருந்தது.

அப்பா குதித்து இறங்கி ஓடினார். "நிறுத்து! எல்லாரும் நிறுத்துங்க!" வங்காளி மறந்துபோய்த் தமிழில் கத்தினார். அவர்களுக்கு வார்த்தை புரியவில்லை. வேலையைத் தடுக்க வந்திருக்கிறார் என்று புரிந்துகொண்டார்கள். ஒருவன் மண்வெட்டியை ஓங்கினான். அம்மா தம்பியின் முகத்தைச் சேலையால் மூடினாள். அப்பாவை அடிக்கப் போகிறார்கள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்து பார்த்தபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு காகு வந்தார். மார்பு வரைக்கும் சேறு. தினமும் தம்பியைத் தூக்கிச் சுற்றுகிற மனுஷரின் முகம் இல்லை அது. அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்து, முடியாமல் ஜீப்பைக் காட்டினார். காகு வந்து உள்ளே குனிந்தார். தம்பியின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் அப்படியே நின்றது.

"எப்போதிலிருந்து?" என்று என்னை வங்காளியில் கேட்டார்.

"நேத்திலேர்ந்து."

காகு மண்வெட்டியைக் கீழே போட்டார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தம்பியைத் தன் மார்போடு சேர்த்துக் கட்டினார். திரும்பி ஒரு குரல் கொடுத்தார். வெட்டுவது நின்றது. சில பேர் பள்ளத்துக்குள் இறங்கித் தண்ணீருக்குக் குறுக்கே கைகோர்த்து வரிசையாக நின்றார்கள். அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு காகு கடந்தார். பின்னால் அம்மா. வராந்தாவைத் தாண்டாதவள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முன்பின் தெரியாத ஆண்களின் தோளைப் பற்றிப் பற்றி அந்த வெள்ளத்தில் நடந்தாள். நான் டிரைவரின் தோளில். பாட்டில் கையிலிருந்து நழுவித் தண்ணீரோடு போயிற்று. எட்டிப் பிடிக்கப் பார்த்தேன், டிரைவர் அதட்டினார்.

அக்கரையில் ஏறியதும் அம்மா திரும்பி, "ஏங்க, வாங்க!" என்று கூவினாள். அப்பா வரவில்லை. அவர் எங்களைப் பார்க்கவும் இல்லை. வயல் பக்கத்து ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கைகோர்த்து நின்றவர்கள் கரையேறி, இனி என்ன என்பதுபோல அவரையே பார்த்தார்கள். அப்பா குனிந்து காகு போட்டுவிட்டுப் போன மண்வெட்டியை எடுத்தார். "காட்டோ" என்றார். வெட்டுங்கள் என்று அர்த்தம். சொல்லிவிட்டுத் தானே முதல் வெட்டு வெட்டினார். பழக்கமில்லாத கை. மண் பாதி அவர் காலிலேயே விழுந்தது.

காகு ஒரு சைக்கிள் வண்டிக்காரனைக் கூப்பிட்டு, பலகையில் எங்களை ஏற்றி, அவன் காதில் ஏதோ சொல்லிவிட்டு, வெட்டுகிற இடத்துக்கே திரும்பி ஓடினார்.

ஆஸ்பத்திரியில் இளவயசு டாக்டர். தம்பிக்குச் சலைன் ஏற்ற நரம்பு தேடிக்கொண்டே கேள்வி கேட்டார். அம்மாவுக்கு வங்காளி தெரியாது, நான்தான் நடுவில்.

"தண்ணி குடுத்தீங்களான்னு கேக்கறாரும்மா."

அம்மா நிமிர்ந்தாள். "ஒரு சொட்டு குடுக்கலன்னு சொல்லு."

எவ்வளவு கஷ்டப்பட்டுக் காப்பாற்றிய விஷயம் அது! பெருமையாகச் சொன்னாள். நான் சொன்னேன். டாக்டரின் கை நின்றது. "யார் சொன்னது கொடுக்கக்கூடாது என்று? உடம்பில் இருக்கிற தண்ணீர் எல்லாம் வெளியே போகிறது, உள்ளே ஒன்றும் விடவில்லையா? இந்தப் பிள்ளை எப்படி உயிரோடு வந்து சேர்ந்தது?"

அதை அப்படியே அம்மாவிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் அவர் போட்ட சத்தத்தில் அவளுக்கே பாதி புரிந்துவிட்டது. முகம் வெளுத்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் டாக்டரிடம் வங்காளியில், "நான் கொடுத்தேன்" என்றேன். "அம்மாவுக்குத் தெரியாமல்."

"என்னட்டி சொன்ன?"

தமிழிலும் சொன்னேன். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

"எதுல குடுத்த?"

"பாட்டில் மூடியில."

"காய்ச்சின தண்ணியா?"

"ஆமா."

சமையல்கட்டில் உப்புப் போட்டாயா என்று கேட்டுவிட்டுத் தலையாட்டுவாளே, அப்படித் தலையாட்டினாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்குவதை டாக்டரும் பார்த்தார். அப்புறம் அவர் சத்தம் போடவில்லை.

தம்பி மறுநாள் கண் விழித்து பிஸ்கட் கேட்டான். எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில் பாய் போட்டு ஒரு பெண் படுத்திருந்தாள். காலில் மூங்கில் பட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். எங்களுக்கு முன்பே படகில் கொண்டுவந்து போட்டதாக ஆயா சொன்னாள். அம்மா ஆஸ்பத்திரி வராந்தா அடுப்பில் தம்பிக்குப் பார்லிக் கஞ்சி காய்ச்சும்போது அவளுக்கும் சேர்த்துக் காய்ச்சினாள். தலையைத் தூக்கிப் பிடித்து ஸ்பூனால் ஊட்டினாள். இவள் தமிழில் பேசுவாள், அவள் வங்காளியில் பதில் சொல்வாள். அவசியமானால் என்னைக் கூப்பிடுவார்கள்.

"கால்ல எப்படி அடிபட்டுச்சுன்னு கேளு."

கேட்டேன். சுவர் விழுந்தது என்றாள். வெள்ளத்தில் ஊறி ஊறி நின்ற சுவர். விடிகாலையில் அரிசிப் பானையை எடுக்க உள்ளே போனபோது சரிந்துவிட்டது. முந்தின நாளே ரோட்டை வெட்டியிருந்தால் நின்றிருக்கும். இன்ஜினியர் பாபு ஒரு நாள் பொறுக்கச் சொன்னார், பொறுத்தோம் என்றாள். குரலில் கோபம் இல்லை. மழை பெய்தது, பொழுது விடிந்தது என்பதுபோலச் சொன்னாள்.

அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் விழுந்தது என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். முழுவதையும் சொன்னேன். அம்மா ஸ்பூனைக் கஞ்சிக்குள் வைத்துக் கலக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு மிச்சக் கஞ்சியையும் ஊட்டி முடித்தாள்.

ரோடு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வெட்டின பள்ளம் வழியாகத் தண்ணீர் வடிந்தது. நின்ற வீடுகள் நின்றன. மழை விட்டதும் பைப் வந்தது, புதைத்தார்கள், தார் போட்டார்கள். திறப்பு விழாவுக்குள் அப்பாவைக் கல்கத்தாவுக்கு மாற்றிவிட்டார்கள். உத்தரவில்லாமல் வெட்டியதற்கு விசாரணை நடந்தது. அவருக்கு வர வேண்டிய பிரமோஷன் கடைசி வரைக்கும் வரவில்லை. உத்தரவுக்காக ஒரு நாள் காத்திருந்ததற்கு யாரும் விசாரிக்கவில்லை. தம்பி சால்ட் லேக்கில் இருக்கிறான், ரிட்டயர் ஆகி மூன்று பேரன்களை மேய்க்கிறான். உங்களுக்குத்தான் தெரியுமே, அவன் சாப்பிட உட்கார்ந்தால் மேஜை தாங்காது. அவனுக்கு இதெல்லாம் ஒன்றும் ஞாபகம் இல்லை.

அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்த சாயங்காலம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம், துணி சுற்றியிருந்தார். தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அம்மாவிடம் பேச வந்தார். அம்மா அவரைப் பேச விடவில்லை. பாயைக் காட்டி, "அவகிட்ட போங்க. நீங்க யாருன்னு அவகிட்ட சொல்லுங்க" என்றாள்.

அப்பாவுக்குப் புரியவில்லை. பாய்க்குப் பக்கத்தில் போய் நின்று, தான் அந்த ரோட்டு இன்ஜினியர் என்று வங்காளியில் சொன்னார்.

"தெரியும் பாபு" என்றாள் அவள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு. "உங்கள் பிள்ளையை மார்பில் கட்டிக்கொண்டு கடந்தவர் என் வீட்டுக்காரர்தான். அன்றைக்கு ராத்திரியே, இவர்கள் அசந்து தூங்கும்போது வந்து, பக்கத்துக் கட்டிலில் இருப்பது யார் பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போனார்."

அப்படியானால் அந்தப் பெண் அம்மா ஊட்டிய கஞ்சியை, யார் கையால் குடிக்கிறோம் என்று தெரிந்தேதான் குடித்திருக்கிறாள். சுவர் விழுந்த கதையை யாரிடம் சொல்கிறோம் என்று தெரிந்தேதான் சொல்லியிருக்கிறாள். அம்மாவுக்கு நான் மெதுவாகச் சொன்னேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாபு" என்றாள் அவள். காகுவின் மனைவி எங்களுக்குக் காகிமா, சித்தி. "இந்தக் கால் சேருமா? டாக்டர் பிடிகொடுத்துப் பேச மாட்டேன் என்கிறார். குளிர்காலத்தில் மீன் காயப்போட நான் போக வேண்டும்."

அப்பாவிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கும். மழை எப்போது வரும், பைப் எப்போது வரும், கடல் இங்கே வருமா, வராதா. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏதாவது சொல்லிவிடுங்கள், சேரும் என்று சொல்லிவிடுங்கள் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"தெரியவில்லை, அம்மா" என்றார் அப்பா.

காகிமா காலை அசைக்காமல் மெதுவாக உடம்பை நகர்த்தி, பாயில் ஓரமாக இடம் விட்டாள்.

"எவ்வளவு நேரம் நிற்பீர்கள்? உட்காருங்கள்."

அப்பா உட்கார்ந்தார். பாயில் இல்லை. பக்கத்தில், ஈரத் தரையில்.